உயிரைத் தொலைத்த மெய்கள்... அரபு மாணவர்களை அலைக்கழிக்கும் ஆங்கில ஸ்பெல்லிங்!

பேட், பெட், பிட், பட், பீட், பைட், பெய்ட், போட், பூட்.

இந்த ஒன்பது ஆங்கிலச் சொற்களையும் படிக்க உங்களுக்கு ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. ஒன்று கிரிக்கெட் மட்டை, ஒன்று பந்தயம், ஒன்று கடி, ஒன்று தூண்டில் இரை, ஒன்று படகு. ஒவ்வொன்றுக்கும் தனி ஓசை, தனிப் பொருள். இதில் குழம்ப என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும்.

ஆனால் ரியாத்திலோ, மஸ்கட்டிலோ, குவைத்திலோ கல்லூரியில் அப்போதுதான் சேர்ந்திருக்கும் ஒரு மாணவருக்கு, இவற்றை ஆங்கில எழுத்தில் பார்த்தால் ஒன்பதும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் போலத் தெரியும். எல்லாவற்றிலும் முன்னால் ஒரு 'பி', அப்புறம் ஒரு 'டி'. மற்ற எழுத்துகளில் அவருடைய கண் தங்காமல் தாண்டிப் போய்விடும்.

படிப்பில் அவர் மந்தமா? இல்லை. பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவர். யூடியூபில் ஆங்கில வீடியோ பார்க்கிறார். ஆங்கிலத்தில் பேசினால் சமாளிக்கிறார். பேனாவைக் கையில் எடுத்தால் மட்டும் சொற்கள் உருக்குலைந்து விடுகின்றன. அரபு நாடுகளில் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் நாள்தோறும் பார்க்கும் காட்சி இது. அந்த ஆசிரியர்களில் இந்தியாவிலிருந்து போனவர்களும் கணிசமாக உண்டு.

இந்தப் பிழைகளைக் கவனக்குறைவு என்று ஒதுக்கிவிட முடியாது. அவற்றுக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள நம் தமிழ் இலக்கணமே கை கொடுக்கும்.

எழுதாமல் விடப்படும் உயிர்

உயிர் 12, மெய் 18 என்று ஒன்றாம் வகுப்பிலேயே படித்துவிடுகிறோம். உயிர் சேராமல் மெய் இயங்காது என்கிறது நம் இலக்கணம். 'க'வா, 'கி'யா, 'கு'வா என்பதை எழுத்தைப் பார்த்தவுடன் சொல்லிவிடலாம். உயிரைக் காட்டாமல் தமிழில் ஒரு வார்த்தைகூட எழுத முடியாது.

அரபு எழுத்து வேறு வழியில் நடக்கிறது. வலமிருந்து இடமாக எழுதப்படும் அந்த மொழியில் 28 எழுத்துகள். எல்லாமே மெய்கள்தான் என்று சொல்லிவிடலாம். அவற்றில் மூன்று மட்டும் ஆ, ஈ, ஊ என்ற நெடில் ஓசைகளையும் சேர்த்துக் காட்டும். அ, இ, உ என்ற குறில்களுக்குத் தனி எழுத்தே கிடையாது. எழுத்தின் மேலும் கீழும் போடுகிற சிறு குறிகள்தான் உண்டு. திருக்குர்ஆனிலும் குழந்தைகளின் பாடப் புத்தகங்களிலும் அந்தக் குறிகளைக் கவனமாகப் போட்டிருப்பார்கள். செய்தித்தாளிலும் கதைப் புத்தகத்திலும் கடைப் பலகையிலும் பெரும்பாலும் இருக்காது.

அப்படியானால் எப்படிப் படிக்கிறார்கள்?

க், த், ப் என்ற மூன்று மெய்களை எடுத்துக்கொள்ளுங்கள். இவை எழுத்துத் தொழில் சம்பந்தப்பட்ட ஒரு வேர். 'கதப' என்றால் எழுதினான். 'குதிப' என்றால் எழுதப்பட்டது. 'குதுப்' என்றால் புத்தகங்கள். குறி போடாமல் எழுதினால் மூன்றுக்கும் ஒரே வடிவம்தான். எது சரி என்பதை வாக்கியத்தின் போக்கை வைத்து வாசிப்பவர் கண நேரத்தில் முடிவு செய்கிறார். கிதாப் (புத்தகம்), காதிப் (எழுத்தர்), மக்தப் (அலுவலகம்) எல்லாம் இதே வேரிலிருந்து கிளைத்தவைதான். தமிழகத்தில் முஸ்லிம் பிள்ளைகள் ஓதப் போகிற 'மக்தப்' மதரஸாவின் பெயரும் இங்கிருந்து வந்ததே.

நமக்கும் இது புதிதில்லை. பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வித்தியாசம் காட்டவில்லை. படிப்பவர்தான் இடம் பார்த்துச் சரியாக வாசிக்க வேண்டும். அவ்வளவு ஏன்? வாட்ஸ்அப்பில் 'மெசேஜ்' என்பதற்கு எம், எஸ், ஜி என்று மூன்றே எழுத்து வந்தாலும் நமக்குப் புரிந்துவிடுகிறது அல்லவா?

அரபு வாசகரின் கண், மெய்களின் எலும்புக்கூட்டைப் பிடித்துக்கொண்டு சொல்லை அடையாளம் காணப் பழகிய கண். அரபுக்கு அது அருமையான உத்தி. ஆங்கிலத்துக்குள் அதே கண்ணோடு நுழையும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

1991-ல் நடந்த ஒரு பரிசோதனை

ஆன் ரையன், பால் மியாரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1991-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரிசோதனை மிக எளிமையானது. திரையில் ஓர் ஆங்கிலச் சொல் தோன்றி மறையும். சற்று நேரத்தில் அதே சொல் மறுபடி வரும். சில முறை அப்படியே வரும். சில முறை ஓர் உயிரெழுத்து காணாமல் போயிருக்கும். இரண்டும் ஒன்றுதானா, வேறா என்று சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், வேறு மொழி பேசும் மாணவர்கள், அரபு பேசும் மாணவர்கள் எனப் பல தரப்பினர் கலந்துகொண்டார்கள். காணாமல் போன எழுத்தைக் கண்டுபிடிக்க அரபு மாணவர்களுக்குக் கூடுதல் நேரம் ஆனது, தவறுகளும் அதிகமாக வந்தன. நிறக்குருடு என்று சொல்வதுபோல, இதை 'உயிரெழுத்துக் குருடு' என்ற பொருளில் ஆய்வாளர்கள் குறிப்பிடத் தொடங்கினார்கள். கண்ணில் கோளாறு எதுவும் இல்லை. எதைக் கவனிக்க வேண்டும், எதைத் தாண்டிப் போகலாம் என்று சிறு வயதில் பழகிய பழக்கம், புது மொழியிலும் தொடர்கிறது.

ஓசையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எழுத்து வழக்கு அரபில் குறில் மூன்று, நெடில் மூன்று. ஆங்கிலத்திலோ உயிரோசைகள் மட்டுமே ஏறத்தாழ 20. பேனாவைக் குறிக்கும் 'பென்', குண்டூசியைக் குறிக்கும் 'பின்' இரண்டும் சில மாணவர்களின் காதில் ஒன்றுபோல விழுகின்றன. காதில் பிரியாதது கையில் எப்படிப் பிரியும்?

இந்த 'பி'யா, அந்த 'பி'யா?

அரபியில் 'பஸ்'ஸில் வரும் ப ஓசை உண்டு. 'பேப்பர்' என்பதில் வரும் ப ஓசை கிடையாது. அதனால் பூங்காவைக் குறிக்கும் 'பார்க்', நாய் குரைப்பதைக் குறிக்கும் 'பார்க்' ஆகிவிடும். தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்தைத்தான் போட முடிகிறது என்பதைக் கவனித்தீர்களா? போனில் பெயரைச் சொல்லும்போது 'பி ஃபார் பாம்பே' என்று நாம் விளக்கம் கொடுப்பது இந்தச் சிக்கலால்தான். அரபு மாணவரின் கஷ்டம் நமக்குச் சட்டென்று புரியும்.

'வெரி' என்பதை 'ஃபெரி' என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை. அரபியில் 'ஃப' இருக்கிறது, ஆங்கில 'வி'க்கு நேரான எழுத்து இல்லை. நாமும் 'காஃபி'யைக் காபி ஆக்கியவர்கள்தானே!

மெய்கள் நெருக்கியடித்து நிற்கும் இடங்களில் நடுவே ஓர் உயிரைச் செருகுவதும் உண்டு. தரையைக் குறிக்கும் 'ஃப்ளோர்' எகிப்தியர் வாயில் 'ஃபிலோர்' ஆகும், ஈராக்கியர் வாயில் 'இஃப்லோர்' ஆகும். வாய் சொல்வதைக் கை எழுதும். நம் கிராமத்துப் பாட்டி 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்று சொல்வதும் இதே கதைதான்.

அடுத்தது திசை. வாழ்நாள் முழுக்க வலமிருந்து இடமாக எழுதிய கை, இப்போது எதிர்த்திசையில் ஓட வேண்டும். 'ஃப்ரம்' என்பது 'ஃபார்ம்' ஆவதும், 'இரண்டு' என்பதற்கான சொல்லில் கடைசி இரண்டு எழுத்துகள் இடம் மாறுவதும் ஆரம்பநிலையில் சகஜம். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவும் அரபியில் இல்லை. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சின்ன எழுத்தில் தொடங்கினால் அவர்களுக்கு அதில் தப்பு எதுவும் தெரியாது.

ஆங்கிலம் மட்டும் நல்ல பிள்ளையா?

பழி முழுவதையும் மாணவர் தலையில் போடுவது நியாயமில்லை. 26 எழுத்துகளை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஓசைகளை எழுதும் மொழி ஆங்கிலம்.

வில்லியம் காக்ஸ்டன் 1476-ல் இங்கிலாந்துக்கு அச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்தார். அச்சில் ஏறிய சொற்கள் மெல்ல மெல்ல நிலைபெற்றன. ஆனால் அதே நூற்றாண்டுகளில் ஆங்கிலேயர்களின் உச்சரிப்பு, குறிப்பாக நெடில் உயிர்களின் ஒலிப்பு, பெரிய அளவில் மாறிக்கொண்டிருந்தது. எழுத்து ஓரிடத்தில் நின்றுவிட, வாய் வேறிடம் போய்விட்டது. 'நைஃப்' என்ற கத்தியின் முன்னால் நிற்கும் 'கே' ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்ட எழுத்து. கடனைக் குறிக்கும் 'டெட்' என்ற சொல்லில் ஒளிந்திருக்கும் 'பி', லத்தீன் மூலத்தை நினைவூட்டுவதற்காகப் படித்தவர்கள் பின்னால் நுழைத்தது.

ஆக, உயிரை எழுதாத மொழியில் வளர்ந்த மாணவர், உயிரைத் தாறுமாறாக எழுதும் மொழியில் வந்து மாட்டிக்கொள்கிறார்!

மதிப்பெண்ணோடு முடியாத விஷயம்

ஸ்பெல்லிங் தப்பினால் என்ன பெரிய நஷ்டம்? நிறையவே இருக்கிறது.

வளைகுடா நாடுகளில் மருத்துவம், மருந்தியல், பொறியியல் போன்ற படிப்புகள் பெரும்பாலும் ஆங்கில வழியில்தான். அதற்குத் தயார் செய்யவே சவூதி பல்கலைக்கழகங்களில் 'ஆயத்த ஆண்டு' என்றும், ஓமனில் அடித்தளப் படிப்பு என்றும் ஏற்பாடு இருக்கிறது. அந்தப் படியைத் தாண்டினால்தான் விரும்பிய துறை. வெளிநாட்டில் படிக்க ஐஇஎல்டிஎஸ் எழுதினால், கேட்டல், வாசித்தல் பகுதிகளில் விடை தெரிந்திருந்தும் எழுத்துப் பிழை இருந்தால் அந்த மதிப்பெண் போய்விடும்.

படிப்பை முடித்து வேலைக்குப் போன பிறகு விஷயம் இன்னும் தீவிரம். ஹைட்ரலசைன் என்பது ரத்த அழுத்தத்துக்கான மருந்து. ஹைட்ராக்ஸிசைன் என்பது அலர்ஜி அரிப்புக்குக் கொடுப்பது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 11 எழுத்துகள். முதல் நான்கு எழுத்துகள் ஒன்றே, கடைசி நான்கும் ஒன்றே. நடுவில் மூன்று எழுத்துகள்தான் வேறு. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளிலேயே மருந்தாளுநர்களைக் குழப்பும் ஜோடி என்று எச்சரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றவை இவை. சொல்லின் நடுப்பகுதியைத் தாண்டிப் போகும் பழக்கம் கொண்ட கண்ணுக்கு, மருந்து அலமாரி முன்னால் என்ன நேரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

இருபது முறை இம்போஸிஷன் எழுதச் சொல்வது பழைய வைத்தியம். ஐந்தாவது முறைக்கு மேல் கை மட்டும் எழுதும், மனசு வேறெங்கோ இருக்கும். தப்பாக எழுத ஆரம்பித்தால் இருபது முறையும் தப்பே பதியும். அனுபவமுள்ள ஆசிரியர்கள் கையாளும் வழிகள் வேறு.

கோடிட்ட இடம்: மெய்களை மட்டும் பலகையில் எழுதி, நடுவில் கோடு போட்டு, படத்தைப் பார்த்து உயிரை நிரப்பச் சொல்கிறார்கள். படகுப் படத்துக்கு எது, மட்டைப் படத்துக்கு எது? உயிர் மாறினால் பொருளே மாறும் என்பதைக் கண் நேரடியாகப் பார்க்கிறது.

கலர் பேனா: புதுச் சொற்களை எழுதும்போது உயிரெழுத்துகளுக்கு மட்டும் சிவப்பு. தாண்டிப் போகும் கண்ணை நிறுத்தி வைக்க இது போதும்.

பார், மூடு, எழுது, சரிபார்: சொல்லை நன்றாகப் பார்க்க வேண்டும். தாளால் மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு திறந்து எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். பார்த்து எழுதுவதைவிட நினைவிலிருந்து எழுதும்போதுதான் சொல் பதிகிறது.

காகிதச் சோதனை: வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு 'பேப்பர்' என்று ஆங்கில உச்சரிப்பில் சொன்னால் காகிதம் அசையும். 'பஸ்' என்றால் அவ்வளவாக அசையாது. காதுக்குத் தெரியாத வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு நேரத்தில் ஒரு விதி: 'கிட்' என்ற சொல்லின் வாலில் ஓர் 'இ' சேர்த்தால் 'கைட்'. 'பின்' உடன் சேர்த்தால் 'பைன்'. தனித்தனியாக நூறு சொற்களை மனப்பாடம் செய்வதைவிட, நூறு சொற்களைத் திறக்கும் ஒரு சாவி மேல்.

அவர்களின் பலமே பாலம்

அரபு மாணவரின் பழக்கத்தைக் குறையாகவே பார்க்க வேண்டியதில்லை. வேரைப் பிடித்துக் குடும்பம் காண்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். ஆங்கிலத்திலும் அப்படிக் குடும்பங்கள் இருக்கின்றன.

கையெழுத்திடுவதைக் குறிக்கும் 'சைன்' என்ற சொல்லில் 'ஜி' எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். 'சிக்னேச்சர்' என்று சொல்லிப் பாருங்கள், 'ஜி' கேட்கும். தசையைக் குறிக்கும் 'மஸில்' என்பதில் 'சி' ஊமை. 'மஸ்குலர்' என்றால் அது வாய் திறக்கும். க், த், ப் குடும்பத்தை அறிந்த மாணவருக்கு இதைப் புரிய வைக்க ஐந்து நிமிடம் போதும். ஊமை எழுத்து என்று வெறுத்தது, குடும்ப அடையாளம் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு பாலம், அரபியிலிருந்தே ஆங்கிலத்துக்குப் போன சொற்கள். 'குத்ன்' என்ற பருத்திதான் 'காட்டன்' ஆனது. 'சுக்கர்' என்பது 'சுகர்' ஆனது. அதற்கும் மூலம் சமஸ்கிருதம் என்பதால் நம் வீட்டுச் சர்க்கரையும் சொந்தக்காரிதான். கிடங்குகள் என்று பொருள்படும் 'மகாஸின்' என்ற அரபுச் சொல்லே 'மேகஸின்' ஆகி, 1731-ல் லண்டனில் வெளிவந்த 'ஜென்டில்மேன்ஸ் மேகஸின்' மூலம் பத்திரிகையின் பெயராகவும் மாறியது. பல துறைச் சரக்கையும் சேர்த்து வைக்கும் கிடங்கு! இந்தச் சொற்களில் மெய்கள் மாணவருக்கு ஏற்கெனவே பழக்கமானவை. ஆங்கிலம் நடுவில் என்னென்ன உயிர்களைப் போட்டது என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

ஆட்டோகரெக்ட் இருக்க, பயம் ஏன்?

போன் திருத்திவிடுமே என்று பலரும் நினைக்கிறார்கள். பாலைவனமும் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் இனிப்பும் ஆங்கிலத்தில் ஓர் 'எஸ்' வித்தியாசத்தில் நிற்கும் 'டெசர்ட்'கள். எதை எழுதினாலும் அது அகராதியில் இருக்கிற சொல்தான் என்று போன் விட்டுவிடக்கூடும். 'ஃப்ரம்', 'ஃபார்ம்' கதையும் அதேதான். தேர்வறையில் போனும் கிடையாது.

எல்லாப் பிழைக்கும் தாய்மொழிதான் காரணம் என்று சொல்லிவிடவும் முடியாது. எந்த வயதில் ஆங்கிலம் ஆரம்பித்தார், எவ்வளவு வாசித்தார் என்பதும் சேர்ந்ததுதான் ஸ்பெல்லிங். சவூதி அரேபியாவில் 2021 முதல் ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்கிவிட்டது. இப்போது கல்லூரியில் இருப்பவர்கள் அதற்கு முன்பே பள்ளி சேர்ந்தவர்கள்.

அவர்களுக்கு உடனடியாகத் தேவை, விடைத்தாளைப் பார்க்கும் விதத்தில் ஒரு மாற்றம். நாற்பது பிழைகளையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்தால் மாணவர் தாளை மடித்துப் பையில் வைத்துவிடுவார். அந்த நாற்பதையும் வகை பிரித்துப் பார்த்தால், உயிர் விடுபட்டவை இத்தனை, 'பி' மாறியவை இத்தனை, வரிசை புரண்டவை இத்தனை என்று நான்கைந்து கட்டுக்குள் அடங்கிவிடும். இந்த வாரம் ஒரு கட்டு, அடுத்த வாரம் ஒரு கட்டு என்று எடுத்துக்கொண்டால் மலை போலத் தெரிந்தது படிக்கட்டாகிவிடும். 'நாற்பது தப்பு' என்று தலைகுனிந்தவரிடம், 'உனக்கு நாலே நாலு பழக்கம்தான் மாற வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். அன்று அவர் தாளை மடிக்க மாட்டார்.